பெயர் தெரியாத சிட்டு

இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திற்குள் நுழையும் மாணவர்கள் முதலில் தேடி ஓடுவது புலியைத்தான். அடுத்து யானையின் எலும்புக்கூடு, அதற்கடுத்துப் பாம்புகள். பறவைக்கூடத்திற்கு வந்து சேரும்போது பலருக்குக் கால் வலிக்கத் தொடங்கிவிடும். கண்ணாடிப் பேழைகளில் வரிசையாக நிற்கும் குருவிகளையும் கொக்குகளையும் ஐந்தே நிமிடங்களில் கடந்து, உணவுப் பொட்டலம் பிரிக்கும் இடத்தைத் தேடுவர். மாணவர்களுடன் சென்ற ஒவ்வொரு முறையும் இதைக் கண்டிருக்கிறேன். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. அசையாத பறவை எளிதில் பேசுவதில்லை.

மும்பை நகரில் ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பு, அத்தகைய கூடம் ஒன்றில் நின்று, வருவோர்க்கும் மாணவர்க்கும் விளக்கம் கூறுவதையே வேலையாகக் கொண்டிருந்தார் ஓர் இளைஞர். பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் அவரிடம் இல்லை. இந்தியாவின் பறவை மனிதர் என்று பின்னாளில் உலகம் போற்றிய சலீம் அலியே அவர். அவருடைய வாழ்க்கையின் போக்கை மாற்றியதும் சிறுவயதில் அவர் கண்ட ஓர் இயற்கை வரலாற்றுச் சேகரிப்புதான்.

சலீம் அலி 1896 ஆம் ஆண்டு நவம்பர் 12 ஆம் நாள் மும்பையில் பிறந்தார். பெரிய குடும்பத்தின் கடைக்குட்டி. ஒரு வயதில் தந்தையையும் மூன்று வயதில் தாயையும் இழந்தார். தாய்மாமன் அமீருதீன் தயாப்ஜியும் அவருடைய துணைவியார் ஹமீதா பேகமும் அக்குழந்தைகளைத் தம் பிள்ளைகளாக எண்ணி வளர்த்தனர். கேத்வாடிப் பகுதியில் இருந்த அவ்வீடு எப்பொழுதும் பிள்ளைகளால் நிறைந்திருந்தது.

அமீருதீன் வேட்டையில் விருப்பம் உடையவர். அக்காலத்தில் வசதியுள்ள குடும்பங்களில் வேட்டை ஒரு விளையாட்டாகவே கருதப்பட்டது. சிறுவன் சலீமுக்கும் ஒரு காற்றுத் துப்பாக்கி பரிசாகக் கிடைத்தது. அதைக் கொண்டு சிட்டுகளைச் சுட்டு வீழ்த்துவதே அவனுடைய பொழுதுபோக்கு. இன்று நாம் இதைப் படிக்கும்போது மனம் சற்றே சுருங்குகிறது. ஆயினும், அவர் தம் வாழ்க்கை வரலாற்றில் இதை மறைக்கவில்லை. நாமும் மறைக்க வேண்டியதில்லை.

பத்துப் பன்னிரண்டு வயதிருக்கும்போது ஒருநாள் அவன் வீழ்த்திய சிட்டு மற்றவற்றைப் போல் இல்லை. உருவத்தில் வீட்டுக்குருவியை ஒத்திருந்தது. ஆனால், தொண்டையில் மஞ்சள் நிறத்தில் ஒரு திட்டு, குழம்பு சிந்திக் கறைபட்டது போல் காணப்பட்டது. இப்படிப்பட்ட பறவையைத் தன் சமய நெறிப்படி உண்ணலாமா, கூடாதா என்னும் ஐயம் சிறுவனுக்கு எழுந்தது. மாமாவிடம் கொண்டுசென்று காட்டினான். அவருக்கும் அது என்ன பறவை என்று தெரியவில்லை. தெரிந்தது போல் ஏதோ ஒரு பெயரைச் சொல்லி அவனை அனுப்பியிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் டபிள்யூ. எஸ். மில்லார்டுக்கு ஓர் அறிமுகக் கடிதம் எழுதி, பறவையுடன் அவனையே நேரில் அனுப்பிவைத்தார். பெயர் தெரியாத ஒன்றைத் தெரிந்தவரிடம் கொண்டுசெல் என்று பிள்ளையை அனுப்பும் பெரியவர்கள் எக்காலத்திலும் குறைவு.

அக்கழகம் 1883 இல் மும்பையில் வாழ்ந்த எண்மர் சேர்ந்து தொடங்கியது. சலீம் சென்ற காலத்தில் அது அப்பல்லோ தெருவில் ஒரு மது வணிக நிறுவனத்தின் கட்டடத்தில் இயங்கிவந்தது. விலங்குகளின் கொம்புகள், பாம்புகள் மிதக்கும் குப்பிகள், பூச்சிப் பெட்டிகள், பறவைகள் அடங்கிய இழுப்பறைகள் என அவ்விடம் நிறைந்திருந்தது. அவற்றினிடையே வில்லியம் என்னும் பெயருடைய இருவாய்ச்சிப் பறவை ஒன்றும் உயிருடன் வாழ்ந்துவந்தது! 1894 முதல் 1920 வரை அது கழகத்திலேயே இருந்தது. அதன் நினைவாகவே இன்றும் அக்கழகத்தின் சின்னத்தில் இருவாய்ச்சி இடம்பெற்றுள்ளது.

வெள்ளையர் ஒருவரின் அறைக்குள் தனியே செல்வது அக்காலத்து இந்தியச் சிறுவனுக்கு எளிய செயல் அன்று. அச்சத்துடனேயே சலீம் உள்ளே சென்றான். மில்லார்டு அவனை அன்புடன் வரவேற்றார். காகிதப் பொட்டலத்தைப் பிரித்து நோக்கினார். அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று உடனே கூறினார். அத்துடன் நிறுத்தியிருந்தால் அச்சிறுவன் ஒரு பெயரை மட்டும் அறிந்து வீடு திரும்பியிருப்பான். மில்லார்டு எழுந்து சென்று இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். அதே சிட்டின் பாடம் செய்யப்பட்ட உடலை எடுத்து அருகில் வைத்துக் காட்டினார். பிறகு வேறு பறவைகளையும் காட்டினார். தான் அதுவரை உணவாகவும் குறியாகவும் மட்டுமே கண்ட பறவைகளுக்குள் இத்தனை வேறுபாடுகளா என்று சிறுவன் திகைத்து நின்றான்.

இங்கே பாடம் செய்தல் என்பதைச் சற்று விளக்க வேண்டும். நீங்கள் நாள்தோறும் படிக்கும் பாடத்திற்கும் இதற்கும் சொல் ஒன்றே, பொருள் வேறு. கெடாதவாறு பதப்படுத்தி வைப்பதைப் பாடம் செய்தல் என்பர். இறந்த பறவையின் தோலை இறகுகள் சிதையாமல் கவனமாக உரிப்பர். உட்புறத்தில் பூச்சி அரிக்காதிருக்க மருந்து தடவுவர். பஞ்சினை அடைத்துத் தைப்பர். அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பேழையில் கிளைமேல் அமர்ந்து, கண்ணாடிக் கண்களால் நம்மை நோக்கும் பறவை காண்போருக்காகச் செய்யப்பட்டது. ஆய்வுக்கு உரியவை அவ்வாறு இருப்பதில்லை. இழுப்பறைக்குள் மல்லாந்து வரிசையாகக் கிடக்கும். ஒவ்வொன்றின் காலிலும் ஒரு சிறு சீட்டுக் கட்டப்பட்டிருக்கும். பறவை எந்த நாளில், எந்த ஊரில், யாரால் எடுக்கப்பட்டது, ஆணா பெண்ணா என்னும் செய்திகள் அதில் இருக்கும். சீட்டு அறுந்து தொலைந்துவிட்டால் அப்பறவையின் பயன் பெருமளவு போய்விடும். அடுத்த முறை அருங்காட்சியகம் செல்லும்போது பேழையின் அடியில் ஒட்டப்பட்டிருக்கும் எழுத்துகளையும் சிறிது நின்று படியுங்கள்.

மில்லார்டு பறவை நூல்களைச் சிறுவனுக்கு இரவலாகத் தந்தார். பறவைகளைப் பாடம் செய்யும் கலையையும் அவன் கற்றுக்கொள்ள வழிசெய்தார். கழகத்தின் காப்பாளராக இருந்த நார்மன் கின்னியருக்கு அறிமுகப்படுத்தினார். அந்தக் கின்னியர் பின்னாளில் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் இயக்குநராக உயர்ந்தவர்.

இதன்பின் சலீம் பள்ளியில் சிறந்து விளங்கினார் என்று எழுதினால் கதை அழகாக இருக்கும். உண்மை அவ்வாறில்லை. ஓயாத தலைவலியால் அவருடைய பள்ளிப் படிப்பு தடைப்பட்டது. உடல்நலம் தேறுவதற்காகச் சிந்துப் பகுதியில் இருந்த உறவினர் வீட்டிற்கு அனுப்பப்பட்டார். 1913 இல் மெட்ரிகுலேஷன் தேர்வில் தட்டுத்தடுமாறித் தேறினார். கல்லூரியில் சேர்ந்தும் நிலைக்கவில்லை. பர்மாவின் தவாய்ப் பகுதியில் குடும்பத்தார் நடத்திவந்த சுரங்க, மரத் தொழிலைக் கவனிக்கச் சென்றார். அங்கிருந்த அடர்ந்த காடுகள் கணக்கேடுகளைவிட அவரை மிகுதியாக ஈர்த்தன. தொழில் நலிந்ததில் வியப்பில்லை. இடையே மும்பை திரும்பியபோது வணிகக் கல்வி பயின்றார். தூய சவேரியார் கல்லூரியில் பிளாட்டர் அடிகளாரின் ஊக்கத்தால் விலங்கியலும் கற்றார். 1918 இல் தெஹ்மினாவை மணந்தார்.

பறவைகளைப் பற்றி இவ்வளவு அறிந்தவருக்கு அதற்கேற்ற வேலை கிடைக்கவில்லை. இந்திய விலங்கியல் ஆய்வுத்துறையில் பறவை வல்லுநர் பணிக்கு முயன்றார். பட்டம் இல்லாமையால் அது கைகூடவில்லை. 1926 இல் மும்பையிலிருந்த வேல்ஸ் இளவரசர் அருங்காட்சியகத்தின் இயற்கை வரலாற்றுப் பிரிவில் விளக்க உரையாளர் பணி கிடைத்தது. மாத ஊதியம் 350 ரூபாய். இன்று சத்ரபதி சிவாஜி மகாராஜ் வாஸ்து சங்கிரகாலயம் என்று அழைக்கப்படுவது அந்த அருங்காட்சியகமே. மும்பையில் வாழும் மாணவர்கள் அதன் வெண்ணிறக் குவிமாடத்தைப் பேருந்தில் செல்லும்போதே கண்டிருப்பர். அங்குள்ள விலங்குகளும் பறவைகளும் பெரும்பாலும் இயற்கை வரலாற்றுக் கழகம் அளித்தவை. இழுப்பறையைத் திறந்து ஒருவர் தமக்குக் காட்டியதை இப்பொழுது சலீம் அலி பிறர்க்குக் காட்டும் நிலைக்கு வந்தார்.

இரண்டு ஆண்டுகளில் அவருக்குச் சலிப்புத் தோன்றியது. ஒரே கூடம், ஒரே விளக்கம். பிறர் கண்டறிந்து எழுதியதைச் சொல்லிக்கொண்டிருப்பது அவருக்குப் போதவில்லை. தாமே கற்க வேண்டும் என்னும் வேட்கை மேலிட்டது. 1928 இல் விடுப்புப் பெற்று ஜெர்மனி சென்றார். பெர்லின் பல்கலைக்கழக விலங்கியல் அருங்காட்சியகத்தில் எர்வின் ஸ்டிரெஸ்மான் என்னும் பேரறிஞரிடம் பயின்றார். பட்டம் இல்லை என்பதை ஸ்டிரெஸ்மான் ஒரு குறையாகக் கருதவில்லை. ஹெலிகோலாந்து என்னும் தீவில் பறவைகளின் காலில் வளையம் இட்டு அவற்றின் வலசைப் பாதையை அறியும் முறையையும் அங்கே கண்டார்.

1930 இல் தாயகம் திரும்பியபோது ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. பணம் இல்லை என்று அருங்காட்சியகத்தில் அவருடைய பணியிடமே நீக்கப்பட்டிருந்தது. வயது முப்பத்து நான்கை நெருங்கியிருந்தது. கையில் பயிற்சி உண்டு, வேலை இல்லை. மும்பையில் குடியிருக்கும் செலவைத் தாங்க இயலாமல், கணவனும் மனைவியும் கடலுக்கு அப்பால் கிஹிம் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தனர்.

அது மழைக்காலம். வீட்டின் அருகே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. வடமாநிலங்களில் நீங்கள் பயா என்று கேட்டறிந்திருக்கும் அதே பறவைதான். பழந்தமிழில் தூங்குதல் என்றால் தொங்குதல். தொங்கும் கூட்டினை உடைய குருவி தூக்கணாங்குருவி ஆயிற்று. பனைமரத்திலோ முள்மரத்திலோ, பெரும்பாலும் நீரின் மேலாக, சுரைக்குடுக்கை போல் அக்கூடு ஆடிக்கொண்டிருக்கும். நம் நாட்டில் அதைக் காணாதவர் எவர்? ஆனால், அக்கூட்டில் நடக்கும் குடும்ப வாழ்க்கையை உட்கார்ந்து பார்த்தவர் எவரும் இலர் என்றே சொல்லலாம். வேலையில்லாத சலீம் அலி பார்த்தார். நாள்கணக்கில், மாதக்கணக்கில் பார்த்துக் குறிப்பெடுத்தார்.

அவர் கண்டது இதுதான். ஆண்குருவிதான் கூட்டைப் பின்னுகிறது. புல்லையும் ஓலையையும் நார்நாராகக் கிழித்து வந்து, முடிச்சிட்டு, தலைக்கவசத்தைக் கவிழ்த்து வைத்தாற்போல் பாதிக்கூடு கட்டி நிறுத்திவிடுகிறது. பெண்குருவிகள் கூட்டமாக வந்து அரைகுறைக் கூடுகளைச் சோதிக்கின்றன. நுழைந்து பார்க்கின்றன, இழுத்துப் பார்க்கின்றன. ஒரு பெண்குருவி ஏற்றுக்கொண்ட பின்னரே ஆண்குருவி எஞ்சிய பாதியையும், குழாய் போன்ற நுழைவாயிலையும் கட்டி முடிக்கிறது. எவரும் விரும்பாத கூடு அரைகுறையாகவே கிடந்து அழிகிறது. பெண்குருவி முட்டையிட்டு அடைகாக்கத் தொடங்கியதும், ஆண்குருவி அடுத்த கூட்டைக் கட்டி அடுத்த துணையைத் தேடச் சென்றுவிடுகிறது. இச்செய்திகளைக் கழகத்தின் ஆய்விதழில் அவர் எழுதினார். அறிஞர் உலகம் சலீம் அலி என்னும் பெயரைக் கவனிக்கத் தொடங்கியது அதன் பிறகே. அக்கூட்டினுள் ஈரமண் அப்பியிருப்பதை நீங்களும் பார்க்கலாம். மின்மினியை அதில் ஒட்டிவைத்துக் குருவி விளக்கேற்றும் என்று பாட்டிமார் கூறும் கதை இனியது. ஆனால் அது கதைதான்.

அடுத்து, அவர் ஒரு துணிவான வழியைத் தேர்ந்தார். பல சமஸ்தானங்களில் எவ்வகைப் பறவைகள் உள்ளன என்னும் முறையான கணக்கே அப்பொழுது இல்லை. செலவை மட்டும் தந்தால் போதும், ஊதியம் வேண்டா என்று கூறி, அந்தக் கணக்கெடுப்பைத் தாமே ஏற்றார். ஐதராபாத்தில் தொடங்கினார், பிறகு கொச்சி, திருவிதாங்கூர், குவாலியர், இந்தூர், போபால் எனத் தொடர்ந்தார். கன்னியாகுமரியும் செங்கோட்டையும் அக்காலத் திருவிதாங்கூருக்கு உட்பட்டிருந்தன என்பதை வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும் பயணம், கூடாரத்தில் உறக்கம். தெஹ்மினாவும் அந்தக் கடினமான பயணங்களில் உடன் சென்றார். நகர வாழ்விலும் கவிதையிலும் பழகிய அப்பெண்மணி காட்டு வாழ்வை மனமுவந்து ஏற்றார். சலீம் அலியின் புகழைப் பேசுவோர் அவரையும் நினைக்க வேண்டும்.

1939 இல் சிறியதோர் அறுவைச் சிகிச்சையைத் தொடர்ந்து தெஹ்மினா காலமானார். இருபது ஆண்டுகால இல்லறம் முடிந்தது. அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. உடைந்துபோன சலீம் அலியைத் தமக்கை கமுவும் அவர் கணவரும் தம் வீட்டிற்கு அழைத்துக்கொண்டனர். அதன்பின் அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1941 இல், இந்தியப் பறவைகளைப் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. வண்ணப்படங்களுடன் எளிய நடையில் அமைந்த அந்நூலைக் கையில் ஏந்தியபடி, துப்பாக்கி இல்லாமலேயே பறவை பார்க்கப் புறப்பட்டவர் பலர். அது இன்றுவரை மீண்டும் மீண்டும் அச்சிடப்பட்டு வருகிறது. அமெரிக்க அறிஞர் டில்லன் ரிப்ளியுடன் சேர்ந்து எழுதிய பத்துத் தொகுதிக் கையேடு 1968 முதல் 1974 வரை வெளிவந்தது. இந்தியா, பாகிஸ்தான் பகுதிகளின் பறவைகளை அது விரிவாக விளக்குகிறது. கடைசித் தொகுதி வந்தபோது அவருக்கு வயது எழுபத்தெட்டை நெருங்கியிருந்தது.

ஆய்வுக்காக அவரும் பறவைகளைச் சுட்டவர்தாம். புகைப்படக் கருவிகளும் தொலைநோக்கிகளும் இன்றுபோல் வளராத காலத்தில், கையில் எடுத்து அளந்தாலன்றிச் சில இனங்களை வேறுபடுத்த இயலாது என்பது அவர் கருத்து. விளையாட்டுக்காகக் கொன்று குவிப்பதை அவர் ஏற்கவில்லை. இராஜஸ்தானத்துப் பரத்பூர் நீர்நிலை மன்னர்களின் வாத்து வேட்டைக் களமாக இருந்தது. 1938 இல் வைசிராய் லின்லித்கோவின் வேட்டையில் ஒரே நாளில் 4,273 பறவைகள் கொல்லப்பட்டன. விடுதலைக்குப் பின் அந்நீர்நிலையை வடித்து விளைநிலமாக்க வேண்டும் என்னும் கோரிக்கை எழுந்தது. சலீம் அலி பிரதமர் நேருவிடம் எடுத்துரைத்து அதைக் காப்பாற்றினார். பின்னர் அது தேசியப் பூங்காவாகியது. 1985 இல் உலகப் பாரம்பரியக் களமாகவும் அறிவிக்கப்பட்டது.

பரத்பூரில் மற்றொரு செய்தியும் உண்டு. அங்கே கால்நடை மேய்வதைத் தடுக்க வேண்டும் என்று அவர் கருதினார். 1982 இல் தடை வந்தபோது ஊர்மக்களுக்கும் காவல்துறைக்கும் மோதல் ஏற்பட்டு உயிர்கள் போயின. எருமைகள் மேய்வது நின்றதும் புல் மண்டி நீர்ப்பரப்பை மூடத் தொடங்கியதைப் பின்னர்க் கண்டறிந்தது, அவருடைய கழகத்தின் ஆய்வேதான். பறவைகளை அவ்வளவு நுட்பமாக அறிந்தவர்க்கும் எருமையின் பங்கு தெரியாமல் இருந்தது.

கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கை அணையின்றிக் காக்க நடந்த போராட்டத்திலும் அவர் குரல் ஒலித்தது. 1984 இல் அது தேசியப் பூங்காவாயிற்று. பத்ம பூஷண், பத்ம விபூஷண் விருதுகள் அவரை நாடி வந்தன. 1976 இல் கிடைத்த பால் கெட்டி விருதின் பணத்தைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல் இயற்கைப் பாதுகாப்பு நிதிக்கு அளித்தார். பட்டம் இல்லை என்று ஒருகாலத்தில் ஒதுக்கப்பட்டவருக்குப் பல்கலைக்கழகங்கள் மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கின. 1985 இல் மாநிலங்களவை உறுப்பினராக நியமிக்கப்பட்டார். அதே ஆண்டில் தம் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். ஒரு சிட்டுக்குருவியின் வீழ்ச்சி என்பது அதன் தலைப்பின் பொருள். 1987 ஆம் ஆண்டு ஜூன் 20 ஆம் நாள், தொண்ணூறாம் வயதில், பிறந்த ஊரான மும்பையிலேயே மறைந்தார்.

ஹெலிகோலாந்தில் கண்ட வளையமிடும் முறையை அவர் மறக்கவில்லை. 1959 முதல் கழகத்தார் ஆயிரக்கணக்கான பறவைகளுக்கு வளையம் இட்டனர். மெல்லிய உலோக வளையத்தில் ஓர் எண்ணும், மும்பைக் கழகத்திற்குத் தெரிவிக்குமாறு வேண்டும் ஒரு வரியும் பொறிக்கப்பட்டன. பரத்பூரில் வளையமிடப்பட்ட வாத்துகள் தொலைதூரச் சைபீரியாவில் கிடைத்தபோது அவற்றின் பாதை தெரிந்தது. தமிழ்நாட்டில் நாகப்பட்டினம் மாவட்டத்துக் கோடியக்கரையில் அப்பணி இன்றும் நடைபெறுகிறது. கோயம்புத்தூருக்கு அருகே ஆனைகட்டியில் 1990 இல் தொடங்கப்பட்ட பறவையியல் ஆய்வு மையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. மும்பையில் கழகம் இப்பொழுது அருங்காட்சியகத்தை அடுத்துள்ள சொந்தக் கட்டடத்தில் இயங்குகிறது. இருவாய்ச்சியின் பெயரையே அக்கட்டடத்திற்குச் சூட்டியுள்ளனர். அங்குள்ள இழுப்பறைகளில் சலீம் அலி சேகரித்த பறவைகள், காலில் கட்டிய சீட்டுடன் இன்றும் இருக்கின்றன.